ஐந்தாம் தளம், ஈசூன்

இரவுப் பணி முடிந்து வந்தவன்
பலமாடிக் கார் நிறுத்துமிடத்தில்
காற்றுக் குழாயைத் துளையிடுகிறேன்.
அலுமினியப் பொடி ஒன்றுகூட
உள்ளே போய்விடக் கூடாது.
ஈரத்துணி அடைத்திருக்கிறேன்.

பாதி வாலைநீர், பாதி மெத்தனால்.
கேனில் ரஞ்சிதம் சிவப்பு மையில்
எழுதியிருக்கிறாள்:
'குடித்தால் குருடு.'
கீழே, பொடியாக:
'ஓட்டினாலும்.'

முனையை வெளியே பிடித்து
ஒருமுறை சோதித்தேன்.
பம்ப் செருமியது,
மயிரிழைத் தூறல்
என் முழங்கைக்கு மட்டும் பெய்தது.
சில்லென்று.

பக்கத்து வண்டி ஆங்
தரையில் சொட்டுவதைப் பார்த்து
"ஏர்கானா?" என்றார்.
ஆமாம் என்றேன்.

சிஓஇ முடிய ஏழு மாதம்.
பிறகு நசுக்கிவிடுவார்கள்
தூறல் விழுந்த இந்த எஞ்சினையும் சேர்த்து.

தெரியும்.
மேல் இணைப்பு இன்னும் கசிகிறது,
அரைச்சுற்று இறுக்க வேண்டும்.