வலது கை

மூடி அசையவில்லை.
கழுத்தில் காய்ந்த சிவப்பு
உடும்பாய்ப் பிடித்திருந்தது.
வெந்நீர்க் கிண்ணத்தில் தலைகீழாய்ப் பத்து நிமிடம்,
பிறகு பழைய லுங்கிக் கிழிசலால் சுற்றித் திருகினேன்.
பல் பிடுங்குகிற மாதிரி ஒரு சத்தம்.

உள்ளே வெல்லப் பாகு.
பிரஷ்ஷை உயர்த்தினால்
கூடவே எழுந்து வருகிறது, நூலாக,
விட மனமில்லாமல்.

நீ வாங்கியது, தேவகுஞ்சரி.
முதல் ஓவர்டைம் காசில்,
தாம்வே சந்தையில்,
பேரம் பேசாமல் நீ வாங்கிய ஒரே பொருள்.
லைங்தாயாவில் ஓர் அறைக்கு ஆறு பெண்கள்,
ஆறு பேருக்கும் இந்த ஒரு குப்பி.
தொழிற்சாலை அட்டையில் உனக்கு
மா நிலார் வின் என்று பெயர்.
தமிழ்ப் பெயரை நான்
கோபத்துக்கு வைத்திருந்தேன்.

அடுத்த அறை மா சபே எட்டிப் பார்த்து
அசிட்டோனை ஊற்று, இளகிவிடும் என்கிறாள்.
இளகும். நானும் ஒருமுறை ஏமாந்திருக்கிறேன்.
இன்றைக்கு இளகி
நாளைக்குப் பொடிந்து
விரலில் பொருக்காய் நிற்கும்.
துடைக்க வந்தவளைச் சமைக்கச் சொன்ன கதை.

தின்னர்தான் வேண்டும்.
கடைக்காரர் ஊசிமருந்துக் குப்பியில்
எறும்பு குடிக்கிற அளவு ஊற்றி
ஒருநாள் கூலியில் கால்பங்கை வாங்கிக்கொண்டார்.
கப்பல் வரவில்லை, டாலர் ஏறிவிட்டது,
எல்லோரும் சொல்வதையே அவரும் சொன்னார்.

இரண்டு சொட்டு.
மூடி, உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டினேன்.
குலுக்கக் கூடாது. குலுக்கினால் குமிழி,
குமிழி நகத்தில் அம்மைத் தழும்பாய் உட்காரும்.
கொழுக்கட்டைக்கு மாவு உருட்டுகிறவள் மாதிரி
உருட்டிக்கொண்டே இருந்தேன்.
கரண்ட் போனது.
இருட்டிலும் உருட்டினேன்.
அடியில் புதைந்து கிடந்த சின்ன இரும்புக்குண்டு
கிண்ணென்று
விழித்துக்கொண்டது.

போன ஞாயிறு மேசோட்டிலிருந்து பேசினாய்.
லைன் அறுந்து அறுந்து வந்தது.
ஆற்றுக்கு அந்தப் பக்கம் மழை என்றாய்,
இங்கேயும் காஜாதான் என்றாய்,
பிறகு, சும்மா கேட்பதுபோல:
அந்தச் சிவப்பு இருக்கா?
காய்ந்துபோச்சு, எறிந்துவிட்டேன் என்றேன்.
ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை.
வாடகைப் பங்கை வைக்காமல்
விடியுமுன் நீ மியாவடி பஸ் ஏறியது
எனக்குள் எங்கோ
பொருக்காய் நின்றிருக்கலாம்.

சார்ஜ் விளக்கை ஏற்றினேன்.
வினிகர் தொட்ட பஞ்சால் நகத்தைத் துடைத்தேன்,
எண்ணெய்ப் பசை இருந்தால் பிடிக்காது.
மெல்லிசாக ஒரு பூச்சு.
காயட்டும்.
இன்னொன்று.
நுனியையும் சேர்த்து மூடு என்பாய்,
உரிவது அங்கிருந்துதான்,
காலர் முனை பிரிகிற மாதிரி.
காலர் எனக்கு, காஜா உனக்கு,
மூன்று வருஷம் ஒரே டியூப்லைட்டுக்குக் கீழே.

இடது கை முடிந்தது.
ஐந்து விரலும் ஐந்து மாதுளை முத்து.
திஞ்சானின் நாலு நாள் தண்ணீரையும் தாங்கும்.

பிரஷ்ஷைக் கை மாற்றினேன்.
பெருவிரலிலேயே கோடு தாண்டித் தோலில் ஏறியது.
சுண்டுவிரலுக்குள் கணுவரை சிவப்பு.
அப்போதுதான் உறைத்தது:
என் வலது கையை
ஒருநாளும் நான் பூசியதில்லை.
உன் மடியில் கிடக்கும் அது, பிடிபட்ட மீன் மாதிரி.
நீ மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிவாய்.

விரலைத் துடைக்கவில்லை.
குப்பியின் கழுத்தைத்தான் துடைத்தேன்,
சொட்டும் மிச்சமில்லாமல்.
இறுக மூடி
வெயில் எட்டாத இடமாய்
தண்ணீர்ப் பானைக்குப் பின்னால் வைத்தேன்.
பாதிக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கிறது.

நாளைக்கு சூப்பர்வைசர் பார்த்துவிட்டுச் சிரிப்பாள்,
ஒரு கை கல்யாணத்துக்குப் போகிறது,
இன்னொன்று
கோழி அறுத்துவிட்டு வருகிறது என்று.