தலைக்கு அறுநூறு

தலைக்கு அறுநூறு என்றார் ஹபீப் பாய்,
தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கையில்.
பத்தொன்பது தலை.
பில் வாங்க மறக்காதேம்மா.

போன வருஷமும் நான்தான் வாங்கினேன்:
பத்தொன்பது சுவர்க்கடிகாரம்,
முள்ளுக்குப் பின்னால் எங்கள் ஐஸ் பிளான்ட்டின் பெயர்.
பொங்கல் வருவதற்குள் அதில் மூன்றை
முதுநகர் மணிக்கூண்டுக்கு அந்தப் பக்கம்
பழைய சாமான் கடையில் பார்த்தேன்.
மூன்றும் மூன்று நேரம் காட்டின.
யாரிடமும் கேட்கவில்லை.
விற்றவருக்கு அன்றைக்கு
மணி தெரிவதைவிட வேறேதோ அவசரம்.

இந்த முறை கடைக்குப் போகுமுன்
முன்பண நோட்டைத் திறந்தேன்.
என் கையெழுத்துதான்,
கூட்டவும் கழிக்கவும் மட்டுமே இதுவரை படித்தது.

ஜூன் ஏழு, ஆரோக்கியராஜ், ஆயிரத்து இருநூறு, பையனுக்குக் கண்ணாடி.
ஜூன் இருபது, அதே ஆள், அதே கண்ணாடி.
பந்து பட்டுவிட்டது.
பச்சையம்மா எப்போதும் முந்நூறு, எப்போதும் வியாழன்;
வெள்ளிக்கிழமை குழுக்காரி வருவாள்.
கம்ப்ரஸர் மணவாளனுக்கு முன்பணம் எதற்கென்று எழுதியிருக்கவில்லை,
ஓரத்தில் பென்சிலில் மட்டும்: காது.

லாரன்ஸ் ரோட்டில் இரண்டு நாள் மழையில் அலைந்தேன்.
"ஒரே மாதிரி எடுத்தா கொறச்சுப் போடலாம்,
இப்படி ஆளுக்கொண்ணா எடுத்தா
எனக்கும் கஷ்டம், ஒங்களுக்கும் கஷ்டம்" என்றார் கடைக்காரர்.
கஷ்டம்தான்.
மூக்குக்கண்ணாடி உடையாமலிருக்க இரும்பு டப்பா தேடி
நாலு கடை ஏறினேன்.

பதினெட்டு முடிந்தது.

தேசிங்குவின் பக்கம் வெள்ளையாக இருந்தது.
பதினாலு வருஷத்தில் ஒரு முன்பணம் இல்லை.
உப்புத்தண்ணீர்த் தொட்டியிலிருந்து கேன் தூக்குகிறவர்.
அவரைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம்
கையெழுத்தில் 'தே'வின் கொம்பு
மற்ற எழுத்துகளைவிடப் பெரிது என்பது.

அவரிடமே கேட்டுவிட்டேன்.
கேட்டு வாங்கினால் அது பரிசா, ஆர்டரா
என்று உள்ளே ஒன்று இடித்தது.
இடிக்கட்டும்.

கோணியில் கையைத் துடைத்தார்.
"ஒரு கட்டி ஐஸ் கெடைக்குமா மேடம்?
ஒடைக்காம. முழுசா."

ஐஸா?

"எங்க தெருப் பசங்க நம்ப மாட்டேங்குதுங்க.
ஒங்க ஒயரத்துக்கு இருக்கும்டான்னா
டூப்பு விடாத மாமான்னுதுங்க.
அதுங்க பாத்ததெல்லாம்
மீன் மேல தூளா கெடக்குமே, அதான்."

தீபாவளிக்கு முதல் நாள் சாயங்காலம்,
மழை கொஞ்சம் விட்டிருந்தது.
உமி, கோணி, தார்ப்பாய் சுற்றிக்
குட்டியானையில் ஏற்றி
உப்பனாற்றைத் தாண்டி சோனங்குப்பம் போனோம்.
நானும் போனேன், ஏனென்று தெரியவில்லை.

தெருவிளக்குக்கு அடியில் நிறுத்தினார் அதை.
நடுவில் மட்டும் வெள்ளையாய் ஒரு நரம்பு ஓடியது,
மற்றதெல்லாம் கண்ணாடி.
அந்தப் பக்கம் நின்ற சிறுவனின் முகம்
இந்தப் பக்கம் இரண்டாகத் தெரிந்தது.
ஒருத்தி நாக்கை வைத்து
ஒட்டிக்கொண்டு அலறினாள்,
விடுபட்டதும் மறுபடி வைத்தாள்.

"இத நீயா செஞ்ச மாமா?"

"நானும் கரண்டும்."

மறுவாரம் பாய் கணக்குப் பார்த்தார்.
பதினெட்டு பில், பத்தொன்பதாவது எங்கே?
அறுநூறை உறையிலிட்டு தேசிங்குவிடம் கொடுத்ததற்கு
ரசீது காட்டினேன், பெரிய கொம்போடு.
சரி, இருப்பில் ஒரு கட்டி குறைகிறதே?
அதற்குப் பேரேட்டில் எனக்குக் கிடைத்த தலைப்பு
'சேதாரம்' ஒன்றுதான்.

கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்தார்.
"உருகிடுச்சா?"
"உருகிடுச்சு பாய்."

ஆனால் அவசரமாக அல்ல.
தேசிங்கு சொன்னார்:
விடியலில் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு
பிள்ளைகள் ஓடிவந்து பார்த்தபோதும்
தார்ப்பாய்க்கு அடியில்
ஒரு கை அகலம் மிச்சம் இருந்ததாம்.