கட்டம் எண் பதினான்கு

“டவுன்ல இருந்து பத்து நிமிஷம்” என்றார் புரோக்கர் பெள்ளி.
யாருடைய நிமிஷம் என்று கேட்கத் தோன்றவில்லை.
அவர் ஜீப்பின் முன்சீட்டில்
மடியில் அட்வான்ஸ் ஐம்பதாயிரத்துடன் உட்கார்ந்திருந்தேன்.
மூன்று கொண்டை ஊசி வளைவுகளையும்
ஒரே போன் பேச்சுக்குள் கடந்துவிட்டார்.
இரண்டாம் மாடி. கெய்சர் உண்டு.
பால்கனியில் நின்றால் தேயிலை,
அதற்கப்பால் மஞ்சு,
அதற்கும் அப்பால் மேட்டுப்பாளையம் என்றார்.
நம்பினேன்.

பத்து நிமிஷம்
என் கால்களுக்கு ஒரு மணி இருபது.
மினி பஸ் காலை ஏழு பத்துக்கு ஒன்று,
மாலை ஐந்து நாற்பதுக்கு ஒன்று.
குன்னூரில் எக்ஸ்ரே அறையைப் பூட்டி
நான் வெளியே வர ஏழரை.
ஆட்டோக்காரர் ரிட்டர்னுக்கும் சேர்த்துக் கேட்கிறார்.
நான் இல்லாமல் அவர் திரும்பும் வழிக்கும்
நான்தான் சவாரி.

இரண்டு கைகள் தூக்குவதுதான் இனி சமையல்.
தக்காளி அரைக்கிலோ, பால் ஒன்று,
தேங்காய் என்றால் வெங்காயம் கிடையாது.
ஒருநாள் எல்லாம் வாங்கி, ஏறி,
குக்கரைத் திறந்த பிறகு பார்த்தால் உப்பு இல்லை.
உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்றவருக்கு
கடை பக்கத்திலேயே இருந்திருக்கும்.
நான் சாப்பிட்டேன்.

வாடகையோடு ஒரு கட்டமும் வந்தது.
கீழ்த்தளத்தில், மஞ்சள் கோட்டுக்குள், பதினான்கு.
பராமரிப்புக் கட்டணத்தில் அதற்கும் பங்குண்டு.
ஸ்டிக்கர் ஒட்டாத வண்டியை உள்ளே விடமாட்டோம் என்று
சங்கத்தின் சுற்றறிக்கை.
எனக்கும் ஒரு ஸ்டிக்கர் கொடுத்தார்கள்.
குடையில் ஒட்டினேன்.

மழை நாட்களில் பின்னாலிருந்து ஒரு வெளிச்சம் வந்து
என் நிழலை ரோட்டில் நீளமாகப் போடும்.
கண்ணாடி பாதி இறங்கும்.
“நடக்கணும்னு நடக்கிறீங்களா?”
டாக்டர் சொல்லி நடப்பவர்கள் வாழும் இடம் இது,
அந்தக் கேள்வியில் தப்பில்லை.
ஆமாம் என்பேன்.
கண்ணாடி ஏறிவிடும்.
அடுத்த வளைவு வரை
ஆமாம் சொன்ன வாயைத் திட்டிக்கொண்டு போவேன்.

வாட்ச்மேன் சுக்ராம் ஓரான், ஜார்க்கண்ட்.
உள்ளே வரும் வண்டிகளின் நம்பரை
நோட்டில் எழுதுவது வேலை.
எனக்கும் ஒரு வரி எழுதுவதைப் பார்த்து
என்ன என்றேன். “சாதா” என்றான்.
சரிதான், காரில்லாத சாதா ஆள்.
ஒரு வாரம் அது உள்ளே குத்திக்கொண்டிருந்தது.
பிறகொரு நாள் என் கையைக் காட்டிச் சிரித்தான்.
அவன் ஊர்ப் பேச்சில் குடைக்கு அப்படியொரு பெயர்.

ஜனவரியில், உறைபனி விழுந்த விடியலில்
வாட்ஸ்அப் குழு அலறியது:
பதினான்கில் யாருடையது?
இறங்கிப் போனேன்.
காட்டெருமை.
முன்கால்களை மடித்து, மஞ்சள் கோட்டைத் தாண்டாமல்,
மூக்கில் ஆவி விட்டபடி படுத்திருந்தது.
இருபுறமும் கார்கள் நகரப் பயந்து நின்றன.
அன்று எல்லோரும் ஆபீசுக்கு லேட்.
நான் பின்கேட் வழியாக
ஏழு பத்துக்கு ஓடிவிட்டேன்.

மாலையில் சாணியை
சுக்ராம் வாளியில் அள்ளிக்கொண்டிருந்தான், ரோஜாவுக்காம்.
மற்றக் கட்டங்களில் எல்லாம் எண்ணெய்க் கறை.
என்னுடையதில் மட்டும்
பெரிய உடம்பு ஒன்று கிடந்த ஈரம்.

பதினொரு மாதம் முடிந்து
ஓனர் கோவையிலிருந்து கூப்பிட்டார்.
ஐந்து சதவீதம் கூட்ட வேண்டுமாம்.
பார்க்கிங்கைக் கழித்துக்கொள்ளுங்கள் என்றேன்.
“பார்க்கிங் இல்லாத வீட்டுக்கு யாரும்மா வருவாங்க?”
பதில் தெரிந்துதான் கேட்டேன்.
கையெழுத்துப் போட்டாயிற்று.

இன்றும் மழை.
பால்கனியில் விரித்தால் காற்று கொண்டுபோய்விடும் என்று
குடையைக் கீழே விட்டு வந்திருக்கிறேன்,
பதினான்கின் நடுவில்,
ஸ்டிக்கர் கேட்டைப் பார்க்கும்படி.