பரிசுப் பொருள், விற்பனைக்கு அல்ல

அந்த வருஷம் காப்பியில் பாதி பட்டாணி மாவு.
மீதிப் பாதியைப் பற்றியும்
எனக்கு உறுதியில்லை.
டிப்போ கேண்டீன் இயந்திரம்
ஒருநாள் நுரை கக்கிச் செத்தது.
மெக்கானிக் உள்ளே கையை விட்டு
களி போல ஒன்றை வழித்தெடுத்து
“இதைக் கரண்டியால் சாப்பிடலாம்” என்றார்.
சிரிக்கலாமா என்று
ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

நான் லைப்சிக்கில் டிராம் ஓட்டுகிறவள்.
முதல் வண்டி, நாலு நாற்பது.
கழுநீரைக் குடித்துவிட்டுப் போனால்
பனியில் தண்டவாளம் எது, தெரு எது,
தெரியாது.

நவம்பரில் ஹனோவரிலிருந்து பார்சல்.
எல்லைக்கு அந்தப்பக்கம் வாழ்க்கைப்பட்ட
இர்ம்காட் அனுப்பியது.
மேலே சட்டப்படி எழுதியிருந்தாள்:
பரிசுப் பொருள், விற்பனைக்கு அல்ல.
உள்ளே காலுறை இரண்டு ஜோடி,
உலர்திராட்சை,
மூன்று சோப்பு.
சோப்புகளுக்கு நடுவே
செங்கல் கனத்தில்
அரைக் கிலோ காப்பிக்கொட்டை.

எண்ணினேன். ஆமாம், ஒவ்வொன்றாக.
கோப்பைக்கு எழுபது கொட்டை போட்டால்
புது வருஷம் பிறக்கும்வரை வரும்.
தொண்ணூறு போட்டால்
கிறிஸ்துமஸோடு சரி.

தொண்ணூறு போட்டேன்.

விடியற்காலை மூன்று மணி.
கையரவையை முழங்கால்களுக்கிடையில் இடுக்கி
மேலே கம்பளியைப் போர்த்திக்கொண்டு அரைத்தேன்.
கைப்பிடியின் திருகாணி தொலைந்து நாலு வருஷம்.
கம்பி கட்டி ஓட்டுகிறேன்,
சுற்றுக்கு ஒரு முறை ‘கிரீச்’ என்று கத்தும்.
கதவிடுக்கில் ஈரத்துண்டு.
ஜன்னல் திறந்தே இருந்தது.
முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாலும் மறைக்கலாம்,
இதை எதில் மறைப்பது?
சத்தத்தைக் கம்பளிக்குள் அமுக்கினேன்.
வாசனை என்னைத் தாண்டிக்கொண்டு
படியிறங்கிப் போயிற்று.

வடிதாள் கிடையாது.
பீங்கான் புனலுக்குள் துவைத்த கைக்குட்டை.
முதலில் ஒரு மிடறு வெந்நீர் மட்டும்.
பொடி மூச்சிழுத்து உப்பும்,
அவசரப்படக் கூடாது,
முப்பது எண்ணணும்.
பிறகு நூல் பிடித்த மாதிரி ஊற்றணும்.
கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது
கரண்டியைப் போட்டால்
கரண்டி காணாமல் போகிற கறுப்பு.

அப்போதுதான் கதவு தட்டப்பட்டது.

இரண்டாம் மாடி குபிட்ஸ்.
கட்டடத்தின் பதிவேடு அவர் பொறுப்பில்.
யார் வந்தார், எந்த ஊர்,
எத்தனை இரவு தங்கினார்,
எல்லாம் அதில் நீல மையில் இருக்கும்.
திறந்தேன்.
மேலங்கிக்குள் ஒரு கையை மறைத்து நின்றார்.
பதிவேடு என்று நினைத்தேன்.

கோப்பை.

நானும் ஒன்றும் கேட்கவில்லை.
ஊற்றினேன்.
வாசல் நிலையில் சாய்ந்து ஒரு மிடறு குடித்தார்,
கண்ணை மூடித் திறந்தார்.
“சோப்பு” என்றார்.
“ஆமாம்.”
“லாவெண்டர்.”
“ஆமாம்.”
மிச்சத்தையும் குடித்துவிட்டு
மறுபடி நீட்டினார்.

அன்று என் கை நடுங்கியது,
பயத்தால் இல்லை, காப்பியின் வீரியத்தால்.
ஒவ்வொரு நிறுத்தமும் கூர்மையாகத் தெரிந்தது.
பின்னால் நாற்பது பேர்
தலை தொங்கித் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.
ஊரில் முழுசாக விழித்திருந்தது
நானும் அந்த ஆளும்தான் என்று நினைத்தேன்.
விழித்திருந்து
என்ன எழுதிக்கொண்டிருக்கிறாரோ
என்றும் நினைத்தேன்.

வியாழக்கிழமை கதவிடுக்கில் ஒரு கவர்.
பிரிக்கவே கால்மணி நேரம் ஆயிற்று எனக்கு.
உள்ளே ஒரு திருகாணி.
மரை சரியாகப் பொருந்தியது.

இப்போது அரவை கத்துவதில்லை.
ஆனாலும் மூன்றரைக்கு வந்துவிடுகிறார்.
கணக்கு மாறிவிட்டது:
நாளுக்கு நூற்றெண்பது,
டிசம்பர் மூன்றோடு காலி.

இர்ம்காட்டுக்கு நன்றிக் கடிதம் எழுதினேன்.
வழியில் யாரெல்லாம் படிப்பார்களோ,
அதனால் சுருக்கமாக:
காலுறை அளவு சரி, திராட்சை நல்ல இனிப்பு.
காப்பியையும் சோப்பையும்
தனித்தனியாகக் கட்டு என்று
ஒரு வரி எழுதி
அடித்துவிட்டேன்.
அவள் சுபாவம் தெரியும்,
சோப்பையே நிறுத்திவிடுவாள்.