சீட்டில் இரண்டு புள்ளி

பகாவ். பழைய வங்கிக்கு மேல்மாடியில் கிளினிக்.
செம்பனைக் குலை லோரி போகும்போதெல்லாம்
லேசர் மேசை நடுங்கும்,
யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல்.

நேற்று விழாத நாலு நம்பர் சீட்டை
கண் இருக்க வேண்டிய இடத்தில் ஒட்டிச் சுட்டேன்.
சிவப்பு காட்டிய இடம் ஒன்று,
கண்ணுக்குத் தெரியாத கதிர்
கரித்த இடம் வேறு.
நடுவே மயிரிழை.
ஒருவரின் லைசென்ஸ் அதற்குள் தொலையும்.

உள்கண்ணாடித் திருகைத்
திருப்பினேன் என்றுகூடச் சொல்ல முடியாது,
நினைத்தேன்.
மறுபடி சுட்டேன்.
எட்டின் மேல்வட்டத்துக்குள்
சிவப்பும் கரியும் ஒன்று.

முதல் ஆள் குப்புராஜ், லோரி ஓட்டுநர்.
தாடையைத் தாங்கியில் வைத்தார்.
"ஆடாதீங்க அண்ணே."

கீழே குலை இறக்காத லோரி,
எஞ்சின் அணைத்து.
எதற்கும்
மேசையில் உள்ளங்கை வைத்துப் பார்த்தேன்.