பொதுச் சுவர்

எங்கள் போளில் ரசிக்லால் வீட்டை இடித்து ஐந்து மாதம்.
இடிக்க முடியாமல் போனது ஒரே ஒரு சுவர்.
அது என்னுடையது.

உள்ளே என் கட்டில், என் டிவி.
வெளியே, மூன்றாம் மாடி உயரத்தில்,
அவர்கள் சமையலறை இன்னும் நீலமாகவே இருக்கிறது.
ஊறுகாய் மாடம். கரி ஏறிய ஒரு மூலை.
யாருக்கும் எட்டாத ஆணியில்
செப்டம்பரோடு நின்றுபோன காலண்டர்.

தரையில் இப்போது ஸ்கூட்டர்கள்.
பத்து ரூபாய், சீட்டு கிடையாது.

தேக்குத் தூண்களை ஜோத்பூர்க்காரன்
லாரியில் ஏற்றிய அன்று
மாணேக் சௌக் வரை முட்டி நின்றது போக்குவரத்து.
அத்தனை ஹார்னிலும் துக்கம் விசாரித்தது
ஒன்றுகூட இல்லை.

வியாழன்தோறும் தருலதா வருகிறாள்,
சாந்த்கேடாவிலிருந்து, ஜரிகை வாங்க.
அடுப்பு இருந்த இடத்துக்கு நேர்கீழே
வண்டியை நிறுத்துகிறாள்.
"முப்பது வருஷம் இங்கே ரொட்டி தேய்த்திருக்கிறேன்,
அஞ்சு ரூபாய் வாங்கிக்கொள்."
பையன் அண்ணாந்து பார்க்கிறான்.
பத்துதான் வாங்குகிறான்.

சுண்ணாம்பு அடிக்கச் சொல்லி நோட்டீஸ் வந்தது.
சாரத்துக்கே பதினெட்டாயிரம் ஆகுமே என்கிறேன்
கேட்பவர்களிடம்.

போன மாதம் உத்தராயணத்தில்
அந்த ஆணியில் சிக்கியது ஒரு சிவப்புப் பட்டம்.
ராத்திரி காற்று எழும்போதெல்லாம்
என் தலைமாட்டுக்கு அந்தப் பக்கம்
யாரோ கடுகு தாளிக்கிறார்கள்.