இரண்டாம் பென்சில்

இருபத்தெட்டாம் பக்கத்திலேயே பிடித்துவிட்டேன்:
கொன்றது சாரதியின் தம்பி.
சும்மா வந்துபோகிற ஒருவனுக்கு
எந்த எழுத்தாளரும்
இத்தனை தரம் தேத்தண்ணி ஊற்றிக் கொடுக்கமாட்டார்.

இந்த வருசம் வந்த குற்றக் கதைகளில்
ஆறை முடித்தாயிற்று.
எல்லாம் இரவு வேலையில்,
மட்டக்களப்பு ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில்,
இரத்தக் குழாய்கள் சுழன்று நிற்பதற்குள்
இரண்டு பக்கம் என்ற கணக்கில்.
ஒன்றில், பத்து நிமிசத்தில் மரபணு முடிவு வருகிறது.
எங்களுடையது கொழும்புக்குப் போனால்
இரண்டு மாம்பழக் காலம் கழியும்.
இன்னொன்றில், ஓ வகைத் தாய்க்கும் ஓ வகைத் தகப்பனுக்கும்
பி வகையில் ஒரு மகன்.
இதுதான் மர்மம் என்று
முந்நூறு பக்கம் காத்திருந்தேன்.
இல்லை.
எழுத்தாளருக்குத் தெரியவில்லை.

மூன்றாவதில் கதாநாயகன்
கல்லடிப் பாலத்திலிருந்து குதித்து
கடலில் விழுகிறான்.
வாவி எங்கே ஐயா போயிற்று?
பாடும் மீன் ஏழு இடத்தில் பாடுகிறது.
பிணத்தைத் தூக்கும்போதும் பாடுகிறது.

இலக்கியம் என்று வருவதையும் விடுவதில்லை.
டொரன்டோவில் ஒருவர் யன்னலால் பனியைப் பார்க்கிறார்.
நாற்பது பக்கம்.
மறுகா யன்னலைச் சாத்துகிறார்.
ஆனால் யாரும் பேசாத அந்த வீட்டில்
அவருடைய மனைவி இடைக்கிடை 'ம்' என்கிறாள்.
அந்த 'ம்' என்னோடு பஸ் ஏறி
ஆரையம்பதி வரைக்கும் வந்தது.
அதற்காக மற்ற முப்பத்தொன்பது பக்கத்தையும்
மன்னிக்கலாம்.

இதையெல்லாம் நூலகப் புத்தகத்தின் ஓரத்தில்தான் எழுதுகிறேன்.
மெல்லிய பென்சில் கோட்டில்.
குற்றம்தான், தெரியும்.
எனக்கும் ஒரு சட்டம் இருக்கிறது:
முடிவை மட்டும் எழுதுவதில்லை.
முடிவைச் சொல்கிறவருக்குப்
பிணையே கொடுக்கக் கூடாது.

மாசியில் வந்தது இரண்டாம் பென்சில்.
வட்ட எழுத்து. அழுத்தம் கூட.
கத்தியால் சீவிய முனை.
வாவி எங்கே என்று நான் கேட்டதற்குக் கீழே
"வத்தியிரிக்கும்."
ஆய்வுகூடத்தில் தனியே சிரித்தேன்,
சிறுநீர்ப் போத்தல்களோடு வந்த சிற்றூழியர்
என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.
பனி பார்த்தவருக்குப் பக்கத்தில்
"இவருக்கு வேல வெட்டி இல்லயா கா?"

அதன்பிறகு, கொடுத்த புத்தகங்களையே
திரும்பவும் இரவல் எடுக்கிறேன்.
தடயங்கள்:
கடலை வடை எண்ணெய், பக்கம் அறுபத்தொன்று.
வெள்ளிக்கிழமை முத்திரை.
இங்கிலீஷ் பெயர்களைக் கோடிட்டு
சரியான உச்சரிப்பு எழுதும் பழக்கம்.
ஆசிரியை? ஓய்வுபெற்ற தபாலதிபர்?

அந்த நாவல் எல்லோரும் புகழ்ந்தது.
காணாமல் போன தம்பி
பன்னிரண்டாம் அத்தியாயத்தில் வருகிறான்.
கேற்றின் கொளுக்கியை அவனே கழற்றுகிறான்,
நாய் குரைக்கவில்லை,
தாய் கோப்பையைக் கழுவி சோறு போடுகிறாள்.
நான் எழுதியிருந்தேன்: "அழுதுவிட்டேன். அருமை."

கீழே வட்ட எழுத்து,
இந்த முறை அழுத்தமில்லாமல்:
"பதினொண்டு வரைக்கும் நம்பினன்."

சுழலி நின்று கனநேரம்.
மூடியைத் திறக்கவில்லை.
ஐந்தாம் வாட்டிலிருந்து இரண்டு தரம் போன் அடித்தார்கள்.
என் வரியை அழித்தேன்.
'அருமை' மட்டும் முழுதாக அழிய மறுத்தது.

"ஆரெண்டு பார்க்கவா மிஸ்?"
நூலகத்தில் கோமளேஸ்வரி
பதிவேட்டை என் பக்கம் திருப்பினாள்.
விரல் வைத்தால் ஒரு நிமிச வேலை.
வேண்டாம் என்றேன்.
துப்பறிகிறவர் பாதியில் கைவிடும் கதைகளை
நான் கிழித்துத் தொங்கவிடுவேன்,
எத்தனை தரம் ஓரத்தில் திட்டியிருக்கிறேன்.

நேற்று ஒரு புதுப் புத்தகம். முத்திரை ஈரம்.
ஒரு பெண் வேலைக்குப் போனவள், வீடு சேரவில்லை.
விடியுமுன் முடித்தேன்.
கொலையாளி யாரென்று கடைசிவரை எனக்குப் பிடிபடவில்லை,
அதற்கே அவருக்கு ஒரு கும்பிடு.
பிறகு முதலாம் பக்கத்தைத் திருப்பி,
பென்சிலைக் கூராக்கி,
தலைப்புக்குக் கீழே எழுதினேன்
என் சட்டத்துக்கு எதிராக:

"இதில் ஒருத்தரும் திரும்பி வாறல்ல.
பயமில்லாம வாசிங்க."